ஹர்லிங் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு

அயர்லாந்தின் லிமரிக்குக்கு வேலைக்கு வருகிற நம் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் என்னைத் தேடி வந்து கேட்பது ஒன்றுதான்: "ஆன்ட்டி, டூட்டியில் எல்லாரும் மேட்ச், மேட்ச் என்கிறார்கள். எங்களையும் கூப்பிடுகிறார்கள். போனால் ஏதாவது புரியுமா?" புரியும். கிரிக்கெட்டின் எல்.பி.டபிள்யூ.வைப் புரிந்துகொண்ட நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஆட்டத்தை விட, யார் யாருக்காக ஆடுகிறார்கள் என்பதுதான் இங்கே முதலில் தெரிய வேண்டிய சங்கதி. அயர்லாந்து ஆஸ்பத்திரி வார்டில் தலை நரைத்தவள் நான். மட்டையும் பந்துமாக ஆடுகிற ஹர்லிங் என்ற இந்த ஐரிஷ் ஆட்டத்தை நோயாளிகளின் கட்டிலோரத்தில் நின்றுதான் படித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதல் ஆட்டத்தைப் பெரிய மைதானத்தில் பார்க்காதீர்கள்.

எல்லாருக்கும் டப்ளின் க்ரோக் பார்க் போகத்தான் ஆசை. 82,300 பேர் கொள்ளும் இடம், ஐரோப்பாவின் பெரிய மைதானங்களில் ஒன்று. போகலாம், அவசரமில்லை. முதலில் நீங்கள் வாடகைக்குக் குடியிருக்கிற ஊரின் கிளப் மைதானத்துக்குப் போங்கள். இங்கே ஒரு கிளப் என்பது ஏறக்குறைய ஒரு பங்கு; நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் பங்கு என்று சொல்கிற அதே அர்த்தத்தில்தான். கோயில், பள்ளிக்கூடம், மைதானம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். கோடைக்காலச் சாயங்காலம், வெளிச்சம் ஒன்பது மணி தாண்டியும் போகாது. கம்பி வேலியில் கையை ஊன்றி நின்றால் ஆட்டக்காரர்கள் நாலு அடி தள்ளி ஓடுவார்கள். மட்டையும் மட்டையும் மோதுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கேட்கும். டிவியில் இதில் எதுவும் வராது. க்ரோக் பார்க்கின் மேல் அடுக்கில் உட்கார்ந்தாலும் வராது.

இன்னொன்று: அங்கே உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் உங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரராக இருப்பார். அதுவரை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர், அன்றைக்கு முழுப் பேச்சு பேசுவார்.

2. யார் பக்கம் என்று கேட்டால் உடனே பதில் சொல்லுங்கள்.

"நான் சும்மா பார்க்க வந்தேன், எந்தப் பக்கமும் இல்லை" என்பது நமக்குப் பணிவாகத் தெரியும். இங்கே அது சுவாரஸ்யமில்லாத பதில். எங்கே சம்பளம் வாங்குகிறீர்களோ, எங்கே பால் பாக்கெட் வாங்குகிறீர்களோ, அந்த ஊர்தான் உங்கள் பக்கம். ஜெயிக்கிற அணியாகப் பார்த்துச் சேரக் கூடாது. ஐரிஷ்காரர்களும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எப்படியோ, அது அப்படியே.

லிமரிக்கின் கதையைக் கேட்டால் விளங்கும். அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை 1973-ல் வாங்கினார்கள். அடுத்தது 2018-ல். நடுவில் 45 வருஷம். ஒரு மனிதன் பையனாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வெற்றியைப் பார்த்துவிட்டு, அடுத்ததைப் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பான். அத்தனை வருஷமும் பச்சைச் சட்டையை யாரும் கழற்றிப் போடவில்லை. 2018 ஆகஸ்டில் கால்வேயை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தபோது, க்ரோக் பார்க்கில் லிமரிக்கின் சொந்த இசைக்குழுவான க்ரான்பெரீஸின் 'ட்ரீம்ஸ்' பாட்டைப் போட்டார்கள். அந்தப் பாடகி டொலோரஸ் ஓ'ரியோர்டன் அதே வருஷம் ஜனவரியில்தான் இறந்துபோயிருந்தார். அழாத ஆள் இல்லை. அதன் பிறகு 2020-லிருந்து 2023 வரை வரிசையாக நான்கு பட்டம். பசித்தவனுக்கு விருந்து கிடைத்த மாதிரி அதையும் அனுபவித்தார்கள்.

நிறங்களை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். லிமரிக் பச்சை வெள்ளை, கார்க் சிவப்பு வெள்ளை, டிப்பரரி நீலமும் பொன்னும், கிளேர் காவி மஞ்சளும் நீலமும், வாட்டர்ஃபோர்ட் வெள்ளையும் நீலமும், கில்கென்னி கறுப்பும் அம்பரும். லிமரிக் ஆட்டத்துக்குச் சிவப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு போனால் ஒன்றும் செய்ய மாட்டார்கள். சாயங்காலம் வரை கேலி மட்டும் செய்வார்கள்.

3. ஆடுகிறவனைத் திட்டாதீர்கள். அவன் அம்மா உங்கள் முன் வரிசையில் இருப்பாள்.

இந்த ஒன்றை மறந்தால் மற்றவை எதுவும் உதவாது. 82,000 பேர் காசு கொடுத்துப் பார்க்கிற ஆட்டத்தில் ஆடுகிற அத்தனை பேருக்கும் சம்பளம் கிடையாது. பயணப்படி போன்றவை கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் ஆடினவன் மறு வாரம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பான், மாட்டுக்குத் தீவனம் வைப்பான், வங்கியில் உட்கார்ந்திருப்பான். அணியை விட்டு அணி விலைக்குப் போவதும் இல்லை. பிறந்த பங்குக்கு ஆடுவான், அங்கே நன்றாக ஆடினால் கவுண்டிக்குக் கூப்பிடுவார்கள். (மேனேஜர்களுக்கு மட்டும் மேசைக்கு அடியில் ஏதோ கைமாறுகிறது என்று முணுமுணுப்பு உண்டு. அதை நீங்களாகப் பேச்சில் எடுக்காதீர்கள்; அவர்களே எடுப்பார்கள், நிறுத்தவும் மாட்டார்கள்.)

ஐ.பி.எல். பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. ஒரு கோடி வாங்குகிறான், ஒரு கேட்ச் பிடிக்க மாட்டானா என்று நாம் கத்துவோம். இங்கே அப்படிக் கத்த வழியில்லை. அவன் உங்களிடம் எதுவும் வாங்கவில்லை. அவன் அம்மா, சித்தப்பா, தங்கச்சி, ஆரம்பப் பள்ளி டீச்சர் எல்லாரும் சுற்றிலும் இருப்பார்கள். ஊர்க் கிளப்பில் இது நூற்றுக்கு நூறு நிஜம்.

நடுவரைத் திட்டலாமா என்றால், திட்டுகிறார்கள். அவரும் ஒரு ஊரில் ஒரு அம்மாவுக்குப் பிள்ளைதான் என்பது ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

4. ஸ்கோரை வாசிக்கப் படித்துக்கொண்டு போங்கள்.

கம்பங்கள் ஆங்கில 'எச்' எழுத்து வடிவத்தில் நிற்கும். குறுக்குக் கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே, வலைக்குள் போனால் கோல். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. பலகையில் இரண்டையும் கூட்டாமல் தனித்தனியாகத்தான் போடுவார்கள். 3-29 என்றால் மூன்று கோல், இருபத்தொன்பது புள்ளி. மொத்தம் 38. 2024 இறுதிப் போட்டியில் கிளேர் 3-29, கார்க் 1-34. கூட்டிப் பாருங்கள்: 38-க்கு 37. கூடுதல் நேரம் வரை போய், ஒரே புள்ளியில் கிளேர் ஜெயித்தது. மனக்கணக்கு நமக்குப் பழக்கம் என்பதால் நம் பிள்ளைகள் இதில் சீக்கிரம் தேறிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் "எத்தனை வித்தியாசம்?" என்று கேட்கும்போது பட்டென்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு மரியாதையே வேறு.

பந்து வேகத்துக்குக் கண் பழகும் வரை, முதல் பத்து நிமிஷம் பந்தைத் துரத்தாமல் கம்பத்தடியில் நிற்கிற அம்பயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார்கள். வெள்ளைக் கொடி ஆட்டினால் புள்ளி, பச்சைக் கொடி என்றால் கோல். கொடியை எடுக்காமல் கையால் சைகை காட்டினால் பெரும்பாலும் வெளியே போய்விட்டது. இந்த நான்கு பேரையும் நடுவர்தான் தன் கூடவே கூட்டி வருவார். பெரும்பாலும் அவர் கிளப்புக்காரர்கள், சிநேகிதர்கள், சில சமயம் தம்பி, மச்சான். க்ரோக் பார்க்கிலும் தர்லஸ் ஊரின் செம்பிள் ஸ்டேடியத்திலும் சந்தேகம் வந்தால் கேமரா பார்த்துத் தீர்ப்பு வரும். பெரிய திரையில் ஐரிஷ் மொழியில் 'தா' என்று வந்தால் ஆம், 'நீல்' என்று வந்தால் இல்லை. அந்த இரண்டு நொடியில் மைதானம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்.

5. விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இவ்வளவு போதும்.

பக்கத்துக்குப் பதினைந்து பேர். கவுண்டி சீனியர் ஆட்டம் என்றால் பாதிக்கு 35 நிமிஷம், கிளப்பில் 30. மட்டைக்கு இந்தப் பக்கம் ஹர்லி என்பார்கள், கில்கென்னி பக்கம் ஹர்ல். பந்து ஸ்லிட்டர், உள்ளே தக்கை, மேலே தோல், விளிம்பு தூக்கித் தைத்திருக்கும், எடை 110-லிருந்து 116 கிராம். தரையில் கிடக்கிற பந்தைக் கையால் நேராக எடுக்கக் கூடாது, மட்டையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் கூட்டம் "ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!" என்று கத்தும். எதிரணிக்காரன் ஓடும்போது மட்டும் கத்தும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மட்டை நுனியில் பந்தை உட்கார வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் ஓடலாம். தோளோடு தோள் மோதலாம். அடிக்க ஓங்கின மட்டையைப் பின்னாலிருந்து தன் மட்டையால் கொக்கி போட்டுத் தடுப்பான் ஒருவன். கோல் போட்டவனுக்குக் கிடைக்கிற கைதட்டல் அவனுக்கும் கிடைக்கும். பெரியவர்கள் அதற்குத்தான் எழுந்தே நிற்பார்கள்.

மைதானம் 130 மீட்டருக்கு மேல் நீளம். தன் பாதியில் நின்றுகொண்டே பந்தை மேலே தூக்கிப் போட்டு, கிட்டிப்புள்ளை அடிக்கிற மாதிரி ஒரே வீச்சில் எதிர்க் கம்பத்துக்கு மேல் அனுப்புவார்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் பந்து எங்கே போனது என்று கீழேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

6. "ஹாக்கி மாதிரியே இருக்கே" என்று சொல்லாதீர்கள்.

சொன்னால் சிரிப்பார்கள். மனசுக்குள் சிரிக்க மாட்டார்கள்.

7. டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வாசலில் காசு கொடுத்து நுழைகிற காலம் பெரும்பாலும் போய்விட்டது; போனிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர்காலக் கடைசியில் நடக்கிற லீக் ஆட்டங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். தென் மாகாணமான மன்ஸ்டரின் சாம்பியன்ஷிப் வேறு கதை. லிமரிக், கார்க், கிளேர், டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட் ஐந்தும் ஏப்ரலிலிருந்து ஒன்றோடு ஒன்று மோதும். ஐந்தில் மூன்றுதான் மேலே போகும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் வாழ்வா சாவா ஆட்டம்தான். என்னைக் கேட்டால் ஹர்லிங்கை அதன் முழு உயரத்தில் பார்க்க க்ரோக் பார்க்கை விட இதுதான் இடம். அதிலும் தர்லஸ் செம்பிள் ஸ்டேடியம்.

ஜூலையில் வருகிற இறுதிப் போட்டிக்கு மட்டும் பொது விற்பனை கிடையாது. கிளப்புகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். போக வேண்டுமானால் கிளப்பில் உறுப்பினராகி, லாட்டரிச் சீட்டு விற்று, கேக் சுட்டு, மைதானத்தில் நாற்காலி அடுக்கி, வரிசையில் காத்திருக்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான்.

8. குடை வேண்டாம், மழைக்கோட்டு வேண்டும்.

குடை விரித்தால் பின்னால் இருக்கிற பத்துப் பேருக்கு மறைக்கும். சொல்லிவிடுவார்கள், மரியாதையாக, ஒரே ஒரு தடவை. வெயிலும் மழையும் குளிரும் ஒரே பாதி ஆட்டத்தில் வரும். மே மாத வெயில்தானே என்று நம் ஆட்கள் அலட்சியமாக நிற்பார்கள்; கூரையில்லாத நிற்கும் மாடத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் நம் தோலும் காந்தும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நிற்கும் மாடத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், உட்காரும் ஸ்டாண்டுக்கு எடுங்கள்.

சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். இங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு: காரை எங்கோ வயலோரத்தில் நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறந்து, பிளாஸ்கில் டீ, அலுமினியத் தாளில் சுற்றின பன்றித்தொடை சாண்ட்விச் என்று குடும்பமாக நின்று சாப்பிடுவார்கள். சைவக்காரர்கள் மைதானத்துக் கடையை நம்பினால் சிப்ஸும் சாக்லேட்டும்தான். புளியோதரை கொண்டுபோங்கள்; எலுமிச்சைச் சாதமும் தாங்கும். ஒரு கரண்டி கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்துக் கார்க்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

9. தேசிய கீதத்துக்கு எழுந்து நில்லுங்கள். முடிவதற்குள் கத்துவார்கள், பதறாதீர்கள்.

பாட்டு ஐரிஷ் மொழியில் இருக்கும். கொடியைப் பார்த்து நின்றால் போதும். ஆனால் கடைசி வரி வருவதற்கு முன்பே மைதானம் வெடித்துவிடும். நம் ஊரில் ஜன கண மன முடியும் முன் வாயைத் திறந்தால் அவமரியாதை. இங்கே அந்தக் கூச்சலும் கீதத்தில் சேர்த்தி.

10. எதிரணிக்காரர் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இங்கிலாந்துக் கால்பந்துபோல ரசிகர்களைப் பிரித்து வேலி போடுவதில்லை. பச்சையும் சிவப்பும் கலந்துதான் உட்காரும். ஒரே குடும்பத்தில் அப்பா டிப்பரரி, அம்மா லிமரிக், பிள்ளைகள் அம்மா பக்கம் என்று வருவார்கள். எழுபது நிமிஷம் இருவரும் தொண்டை கிழியக் கத்திவிட்டு, முடிந்ததும் கை கொடுத்து, "அடுத்த ஆட்டத்துக்கு வாழ்த்து" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தோற்றாலும் கை நீட்டுங்கள். அது ஒரு கடமை.

புரோகிராம் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1 கோல்கீப்பர், 2 முதல் 7 வரை தடுப்பு, 8-ம் 9-ம் நடுவில், 10 முதல் 15 வரை தாக்குதல். அதில் அச்சடித்த அணியை மேனேஜர் கடைசி நிமிஷத்தில் மாற்றிவிடுவார், எதிரியைக் குழப்ப. பேனா இருந்தால் பக்கத்துத் தாத்தா உங்கள் புத்தகத்தையும் திருத்திக் கொடுப்பார். அந்தத் தாத்தாவை விட்டுவிடாதீர்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும், 1950-களிலிருந்து ஆரம்பிப்பார்.

11. இடைவேளையில் கிளம்பாதீர்கள்.

2025 இறுதிப் போட்டி. கார்க் 2005-க்குப் பிறகு பட்டம் வாங்கவில்லை, அரங்கமே சிவப்பு. இடைவேளையில் கார்க் 1-16, டிப்பரரி 0-13. ஆறு புள்ளி முன்னிலை. வார்டு டிவிக்கு முன்னால் இருந்த கார்க் ஊர்க்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது பாதி முழுவதும் கார்க் எடுத்தது இரண்டே புள்ளி. டிப்பரரி எடுத்தது 3-14. கடைசியில் 3-27-க்கு 1-18. ஹர்லிங்கில் ஆறு புள்ளி என்பது இரண்டு அடி, அவ்வளவுதான். அதைக் கண்ணால் பார்த்தபின் யாரும் கார் நெரிசலுக்குப் பயந்து முன்னால் கிளம்ப மாட்டார்கள்.

கிளப் மைதானமாக இருந்தால் இடைவேளையில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் சின்ன மட்டையோடு உள்ளே இறங்கிவிடும். ஒலிபெருக்கியில், "இறங்காதீர்கள்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவரும் சின்ன வயதில் இறங்கியவர்தான்.

12. கொஞ்சம் சரித்திரம் தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் நீங்களாகப் பேச வேண்டாம்.

இந்த ஆட்டங்களை நடத்துகிற ஜி.ஏ.ஏ. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸில் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கியது. முன்னால் நின்றவர் மைக்கேல் கியூசாக் என்ற கிளேர்க்காரர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலம். ஆங்கிலேயர் ஆட்டங்கள் பரவிக்கொண்டிருந்தபோது தங்கள் ஆட்டங்களைக் காப்பாற்ற எடுத்த முயற்சி.

1920 நவம்பர் 21. க்ரோக் பார்க்கில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும், ஜி.ஏ.ஏ.வின் இன்னொரு ஆட்டமான கேலிக் ஃபுட்பால். அன்று காலை டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளை விடுதலைப் படையான ஐ.ஆர்.ஏ. சுட்டுக் கொன்றிருந்தது. பிற்பகலில் அரசுப் படைகள் மைதானத்துக்குள் நுழைந்து கூட்டத்தின் மேல் சுட்டன. 14 பேர் இறந்தார்கள், மூன்று பேர் சிறுவர்கள். ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். இன்றைக்கு ஜெயித்த கேப்டன் கோப்பையைத் தூக்கிக் காட்டுகிற ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான். ஜாலியன் வாலாபாக் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1971 வரை கிரிக்கெட், ரக்பி, சாக்கர் ஆடின ஜி.ஏ.ஏ. உறுப்பினரை வெளியே தள்ளுகிற விதி இருந்தது. க்ரோக் பார்க்கில் ரக்பிக்கும் சாக்கருக்கும் இடம் கொடுக்க 2005-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். 2007-ல் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே வந்து, அவர்கள் கீதமும் ஒலித்தது. கூட்டம் அமைதியாக நின்று கேட்டது. பிறகு 43-13 என்று ஜெயித்து அனுப்பினார்கள்.

க்ரோக் பார்க்கின் ஹில் 16 என்ற நிற்கும் மாடம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் இடிந்த கட்டடங்களின் கல்லைக் கொட்டிக் கட்டியது என்று யாராவது சொல்வார்கள். அந்த மேடு 1915-லேயே இருந்தது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சொல்கிறவரைத் திருத்தாதீர்கள்.

13. கேலிக் ஃபுட்பாலுக்கு அழைத்தால் அதற்கும் போங்கள்.

எனக்கு ஹர்லிங் ஆசை அதிகம், மறைக்கவில்லை. ஆனால் கெரி, மேயோ, டொனிகால் பக்கம் வேலை கிடைத்தவர்களுக்கு ஃபுட்பால்தான் உயிர். அதே மைதானம், அதே 'எச்' கம்பம், அதே கோல் கணக்கு. கையாலும் காலாலும் ஆடுவார்கள். 2025-ல் விதிகளை மாற்றியபோது, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி என்று கொண்டுவந்தார்கள். அதற்கு ஆரஞ்சுக் கொடி. மேயோக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் 1951 என்ற எண்ணைச் சொல்லாதீர்கள். அவர்கள் கடைசியாகப் பட்டம் வாங்கின வருஷம் அது. அதற்குப் பின் எத்தனையோ இறுதிப் போட்டிகள் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள்.

14. பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

பெண்கள் ஆடுகிற ஹர்லிங்குக்குக் கேமோகி என்று பெயர். அதே வேகம், அதே அடி. 2025 மே மாதம் வரை கால்சட்டை மேல் பாவாடை போல் தைத்த 'ஸ்கார்ட்' போட்டுத்தான் ஆட வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரப் பெண்கள் ஷார்ட்ஸோடு மைதானத்துக்கு வந்து நின்று போராடி மாற்றினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் இதற்கு ஓட்டெடுப்பு தேவைப்பட்டது என்பதை என் பேத்தியால் நம்பவே முடியவில்லை. நம் பெண் பிள்ளைகளை இந்த ஆட்டங்களுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கூட்டம் குறைவு, டிக்கெட் மலிவு, முன் வரிசையிலேயே இடம் கிடைக்கும்.

15. "நாம் இந்த ஊர்க்காரர் இல்லையே" என்று ஒதுங்காதீர்கள்.

2005-ல் கார்க் பட்டம் வாங்கியபோது கேப்டனாக இருந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்க ஐரிஷில் பேசினவர் ஷான் ஓக் ஓ ஹால்பின். ஃபிஜியில் பிறந்தவர், அம்மா அங்குள்ள ரொட்டுமா தீவுக்காரர். வெக்ஸ்ஃபோர்டின் லீ சின்னுக்கு அப்பா மலேசியாக்காரர். இராக்கில் பிறந்த குர்து அகதிப் பையனாக வந்த ஸாக் மொராடி, லீட்ரிம் கவுண்டிக்காக க்ரோக் பார்க்கில் ஆடிக் கோப்பை வாங்கினார். இவர்களில் நிறத்துக்காக வசவு கேட்டவர்களும் உண்டு. அதையும் மறைக்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு அசட்டு வாய் கேட்கும்படி ஏதாவது சொன்னால், மஞ்சள் அங்கி போட்ட ஸ்டூவர்டிடம் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

16. கம்பத்துக்குப் பின்னால் நின்றால் போனைப் பார்க்காதீர்கள்.

பெரிய மைதானங்களில் வலை கட்டியிருப்பார்கள். ஊர்க் கிளப்பில் எல்லா இடத்திலும் இருக்காது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற பந்து அது. ஆடுகிறவர்கள் எல்லாரும் 2010-லிருந்து ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்று விதி வைத்தது சும்மா இல்லை. எங்கள் எமர்ஜென்சியில் ஹர்லிங் விரல்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று கணக்கே கிடையாது. பந்து உங்களிடம் வந்து விழுந்தால் திருப்பி எறியுங்கள். ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், கிளப்புக்குக் காசு.

17. பிள்ளை மட்டை கேட்கும். வாங்கிக் கொடுங்கள்.

முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிற வழியிலேயே கேட்கும். மட்டை ஆஷ் மரத்தில் செய்வது. வேரோடு சேர்கிற வளைவில் அறுத்தால்தான் நுனி உடையாது. 2012-ல் அயர்லாந்துக்குள் வந்த ஒரு பூஞ்சை நோய் அந்த மரங்களைக் கொன்றுகொண்டு வருவதால், இப்போது மூங்கில் மட்டையும் பிளாஸ்டிக் வகையும் கடையில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு எதுவானாலும் சரி. தரையில் ஊன்றினால் இடுப்பெலும்பு வரை வர வேண்டும். பிறகு வளரும் என்று பெரிதாக வாங்கினால் பிள்ளைக்கு மணிக்கட்டு வலிக்கும், இரண்டே வாரத்தில் மூலையில் போட்டுவிடும்.

பெரும்பாலான கிளப்புகளில் சனிக்கிழமை காலையில் ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்குப் பயிற்சி உண்டு. கோடை விடுமுறையில் ஜி.ஏ.ஏ.வின் 'கூல் கேம்ப்' பயிற்சி முகாம் நடக்கும், நாடு முழுக்க. முதல் நாள் மட்டையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட்டை மட்டும் கடன் வாங்காதீர்கள். முகத்துக்குக் கம்பி போட்டது, தலைக்குச் சரியான அளவு, புதிதாக வாங்குங்கள்.